முற்றத்தில் இன்டர்லாக் போடும் முன்

பெறுநர்: கேரளத்தில் பாலக்காடு ஜில்லா, சித்தூர் தாலுகாவின் கிழக்கு எல்லைப் பஞ்சாயத்துகளின் தலைவர்கள், வார்டு உறுப்பினர்கள், ஐ.சி.டி.எஸ். (ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம்) சூப்பர்வைசர்கள், எஸ்டிமேட் போடும் ஓவர்சியர்கள்.

மதிப்புக்குரியவர்களே, வணக்கம்.

புதிய பஞ்சாயத்து அமைந்து, அடுத்த ஆண்டுத் திட்டத்தில் என்னென்ன வேலை சேர்ப்பது என்று வார்டு வார்டாகப் பேச்சு நடக்கிறது. அங்கன்வாடி என்றதும் எங்கே போனாலும் ஏறக்குறைய ஒரே பட்டியல்தான். சுவரில் கார்ட்டூன் படம், வாசலில் ஆர்ச்சு, முற்றம் முழுக்க இன்டர்லாக் சிமெண்ட் கட்டை, மூலையில் ஒரு சறுக்குமரமும் ஊஞ்சலும். படம் வரையட்டும், ஆர்ச்சும் வைக்கட்டும்; அதனால் பிள்ளைகளுக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. மற்ற இரண்டைப் பற்றித்தான் உங்களிடம் கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது.

நான் இந்தக் கிழக்குப் பக்கத்து அங்கன்வாடிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கட்டட வேலை எனக்குத் தெரியாது. ஆனால் நடக்கப் பழகும் பிள்ளை எங்கே கால் வைக்கும், எதை எடுத்து வாயில் போடும், எந்தச் சந்தில் தலையை விடும் என்று கேட்டால் உங்கள் ஓவர்சியரைவிட எனக்குக் கூடுதலாகத் தெரியும். நான் கேட்பது இதுதான்: விளையாட்டுச் சாமான் வாங்குவதற்கு முன்னால் நிழலுக்கும் மண்ணுக்கும் வழி செய்யுங்கள். முற்றத்தை அளக்கும்போது மூன்று வயது நிரம்பாத பிள்ளையை மனதில் வைத்து அளந்து கொள்ளுங்கள்.

ஏன் மூன்று வயதுக்குள் என்று கேட்பீர்கள். இதுவரைக்கும் அந்தப் பிள்ளைகள் நம் கணக்கில் சரியாக வரவில்லை. 1975-இல் ஐ.சி.டி.எஸ். தொடங்கி, கேரளத்தில் முதலில் மலப்புறம் ஜில்லாவின் வேங்கரை பிளாக்கில் வந்தது. அன்று முதல் அங்கன்வாடியில் வந்து உட்காருவது 3 முதல் 6 வயது வரையில் உள்ளவர்கள். அதற்குக் கீழே இருப்பவர்களுக்கு எடை பார்ப்பது, ஊசி நாள், வீட்டுக்குக் கொடுத்து அனுப்பும் அமிர்தம் பொடி என்ற சத்துமாவு, அவ்வளவுதான். இப்போது நிலைமை மாறுகிறது. மத்திய அரசின் பால்னா திட்டத்தில் அங்கன்வாடியோடு சேர்ந்த கிரெச்சுகள் (பகல்நேரக் காப்பகங்கள்) வருகின்றன. ஆறு மாதக் குழந்தையிலிருந்து ஆறு வயது வரை, மாதம் 26 நாள், நாளுக்கு ஏழரை மணி நேரம். நாடு முழுக்க 17,000 என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். நம் பஞ்சாயத்துகள் இதைக் கேட்டு வாங்க வேண்டும். கஞ்சிக்கோட்டுக் கம்பெனிகள், தமிழ்நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கத்து மில்லுகள், தோப்பு வேலை, தொழிலுறப்பு (அரசின் ஊரக வேலைத் திட்டம்) என்று பாட்டிமாரும் வேலைக்குப் போகிற ஊர் இது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து தங்கியிருக்கும் குடும்பங்களுக்கோ பாட்டியே இங்கே இல்லை.

அப்படியென்றால் ஒன்றரை வயதுப் பிள்ளை தான் முழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியை நீங்கள் கட்டப்போகும் இடத்தில்தான் கழிக்கும். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கென்று ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒரு வயது நிரம்பிய பிள்ளைக்கு நாளுக்கு 180 நிமிடமாவது உடல் அசைவு வேண்டும். நாற்காலியிலோ முதுகிலோ கட்டி ஒரே இருப்பாக ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்கிறது அது. மூன்று மணி நேரம் ஓடியும் ஏறியும் உருண்டும் விளையாட எங்கே இடம்? கூடத்துக்குள் பத்துப் பிள்ளைகள் ஓடினால் ஒன்றின் மேல் ஒன்று விழும். ஹெல்பர் என்ன செய்வார்? கதவைச் சாத்திவிட்டு டி.வி.யைப் போடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

சரி, வெளியே விடுவோம். எந்தத் தரையில்?

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் காரன் அடால்ஃப் என்ற ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும், 12 முதல் 19 மாதப் பிள்ளைகள் தம் போக்கில் விளையாடுவதைப் படம் பிடித்து எண்ணிப் பார்த்தார்கள். 2012-இல் முடிவு வெளிவந்தது. சராசரியாக ஒரு மணி நேரத்தில் ஒரு பிள்ளை 2,368 முறை காலெடுத்து வைக்கிறது. 17 முறை விழுகிறது. இந்த 17-ஐ உங்கள் எஸ்டிமேட்டின் முதல் வரியில் எழுதிக் கொள்ளுங்கள் என்பேன். பத்துப் பிள்ளைகள் வெளியே இருந்தால் ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கு மேல் விழுதல். யாரும் ஓடிப்போய்த் தாங்கிப் பிடிக்க முடியாது; பிடிக்கவும் வேண்டாம், விழுந்துதான் நடை தேறும். எதன் மேல் விழுகிறது என்பது ஒன்றுதான் உங்கள் கையில் இருக்கிறது.

இன்டர்லாக் கட்டை லாரி திரும்பும் இடத்துக்கு நல்லது. பஞ்சாயத்துக்கு ஏன் அதன் மேல் இவ்வளவு ஆசை என்றும் தெரியும். சதுர அளவில் அளக்கலாம், எம்-புக்கில் (வேலையை அளந்து எழுதும் பதிவேட்டில்) எழுதலாம், பில் சிக்கலில்லாமல் மாறும், திறப்பு விழாப் போட்டோவில் பளிச்சென்று இருக்கும். ஆனால் முன்னந்தலையை மோதிக்கொள்ளும் பிள்ளைக்கு அது கருங்கல்தான். மாசி பிறந்தாலே பத்தரை மணிக்கு மேல் அதில் வெறுங்காலை வைக்க முடியாது. நம் பிள்ளைகள் செருப்பைக் கழற்றி வீசிவிட்டுத்தான் ஓடும், உங்களுக்கும் தெரியும்.

மண்ணென்றால் உடனே மூன்று மறுப்பு வரும்: சேறு, பாம்பு, தூசி. மூன்றிலும் நியாயம் இருக்கிறது. அதனால் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

சேறு. எருத்தேம்பதி, வடகரப்பதிப் பக்கம் கரிசல் உள்ள வார்டுக்காரர்கள் இதைக் கேட்பது சரியே. கரிசல் மழையில் பாதத்தோடு பெயர்ந்து வரும். கோடையில் வெடித்து, வெடிப்புக்குள் குழந்தையின் கால் இறங்கும். அந்த மண்ணை அப்படியே விடச் சொல்லவில்லை. பிள்ளைகள் விளையாடும் பகுதியில் மட்டும் ஒரு அடி ஆழத்துக்குக் கரிசலை வெட்டியெடுத்துவிட்டு, அடியில் ஜல்லி, அதன் மேல் செம்மண்ணும் மணலும் கலந்து போட்டு மிதித்து இறுக்கலாம். நடுவில் கயர் பூவஸ்திரம் (தென்னை நார் விரிப்பு) விரித்தால் மண் சீக்கிரம் ஜல்லிக்குள் இறங்காது. வாய்க்கால் கரைக்கு விரிக்க நீங்கள் வாங்குவதுதான், புதிதாக எதுவும் தேட வேண்டாம். தண்ணீர் ஓட ஒரு பக்கமாகச் சரிவும் ஓரத்தில் ஒரு சின்னச் சாலும் போதும். செம்மண் உள்ள வார்டுகளில் இவ்வளவும்கூட வேண்டியதில்லை.

பாம்பு. 2019 நவம்பரில் சுல்தான் பத்தேரியில் வகுப்பறைக்குள்ளேயே பாம்பு கடித்து ஒரு சிறுமி இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதற்குப் பிறகு மண் தெரியும் இடமெல்லாம் பயமாகிவிட்டது. ஆனால் அந்தப் பாம்பு இருந்தது கட்டடத்தின் தரையில் இருந்த பொந்தில். பாம்பு தேடி வருவது எலியையும் ஒளிந்துகொள்ள இடத்தையும். சமையலறைக்குப் பின்னால் கிடக்கும் விறகுக் குவியல், உடைந்த பெஞ்சு, பழைய கக்கூஸ் கோப்பை, சிந்திய அரிசி இவைதான் அதற்கு அழைப்பு. கட்டைக்கு அடியில் எலி வளை தோண்டினால் மேலே நின்று பார்க்கிறவருக்குத் தெரியாது. இறுகிய மண் தரையில் பொந்து விழுந்தால் காலையில் பெருக்கும்போதே தெரிந்துவிடும். ஓரப் புல்லை ஒட்ட வெட்டி வைப்பது, குப்பையை வேலிக்கு வெளியே கொண்டுபோவது, பிள்ளைகளை விடும் முன் கம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று வருவது, இவை செலவில்லாத வேலை.

தூசிக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுதான் காரணம். மார்கழி, தை மாதங்களில் கிழக்கேயிருந்து அடிக்கும்போது வேட்டி பறக்கும் ஊரில் தூசி இல்லாமல் இருக்குமா? கிழக்கு வேலியில் செம்பருத்தி நெருக்கமாக வைத்து வளர்த்தால் பாதி நின்றுவிடும். மீதிக்கு ஒரு குடம் தண்ணீர் தெளிக்க வேண்டியதுதான்.

மண் அழுக்கு என்ற எண்ணத்துக்கும் ஒரு வார்த்தை. ஃபின்லாந்தில் சில பகல்நேரக் காப்பகங்களின் ஜல்லி முற்றத்தில் காட்டுத் தரையையும் புல்லையும் வெட்டிக்கொண்டு வந்து விரித்து, பிள்ளைகளை அதில் விளையாட விட்டார்கள். 28 நாளில் பிள்ளைகளின் தோலிலும் குடலிலும் வாழும் நுண்ணுயிர்களின் வகை மாறியது; ரத்தத்தில் நோய் எதிர்ப்பு ஒழுங்காக வேலை செய்வதற்கான அறிகுறிகளும் தெரிந்தன. 2020-இல் வெளியான ஆய்வு. அங்கே பிள்ளைகளுக்கு 3 முதல் 5 வயது, மண்ணும் நம் மண் இல்லை. அதனால் இதைக் காட்டி நம் ஊருக்கு அப்படியே சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் குளிர் நாட்டுக்காரர்கள் காசு கொடுத்துக் கொண்டு வந்து விரிப்பதை நாம் காசு கொடுத்து மூடுகிறோம் என்பதையாவது யோசியுங்கள்.

இனி நிழல். இந்த மடலில் ஒன்றே ஒன்றைத்தான் நிறைவேற்ற முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

கேரளம் என்றால் மழை என்று நினைத்து வரைந்த கட்டடங்கள் நமக்கு வருகின்றன. நம் கிழக்குப் பக்கம் மழை குறைந்த பக்கம். வெயில்தான் நமக்குப் பெரிய ஆள். 2024 ஏப்ரல் கடைசியில் பாலக்காட்டில் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டியது; அங்கன்வாடி வகுப்பை ஒரு வாரம் நிறுத்திவிட்டுச் சாப்பாட்டை வீட்டுக்குக் கொடுக்கச் சொன்னது அரசு. கிரெச்சை அப்படி நிறுத்த முடியாது. வெயில் அடிக்கிறது என்று மில்லில் ஷிப்ட்டை நிறுத்துவார்களா?

இன்னொரு விஷயம், ஓவர்சியர்களுக்காக. நாம் இருப்பது ஏறக்குறைய 10.7 டிகிரி அட்சரேகையில். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசிப் பகுதியிலும் சூரியன் உச்சியில் நேராக நம் தலைக்கு மேல் வருகிறது. அந்த நாட்களில் சுவர் எவ்வளவு உயரமாக இருந்தாலும் நடுப்பகலில் நிழல் விழாது. ஆகவே கட்டட நிழலை நம்பினால் காலையில் மேற்குப் பக்கமும் மாலையில் கிழக்குப் பக்கமும் கொஞ்சம் கிடைக்கும், அவ்வளவுதான். தலைக்கு மேலே கூரையாக ஏதாவது இருந்தால்தான் உண்டு.

மரம்தான் முதல் தரம். வேம்பு, புங்கை, பூவரசு, நாவல், எதுவும் நம் ஊருக்குப் புதிதில்லை. புங்கை கொஞ்ச நாள் இலை உதிர்த்தாலும் கோடை முற்றும் முன் தளிர்த்துவிடும். முழங்கால் உயரக் கன்றை நட்டுப் போட்டோ எடுத்துவிட்டுப் போகாதீர்கள். ஆள் உயரம் வளர்ந்த கன்றாக வாங்கி, இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கும்போது நட்டு, ஆடு கடிக்காமல் கூண்டு வையுங்கள். மரம் வளரும் வரை ஓலைப் பந்தல். ஓலைக்குப் பஞ்சமுள்ள ஊரா இது? இரண்டு கோடைக்கு ஒருமுறை மாற்றினால் போதும். பச்சை வலை கட்டுவதென்றால் உயரத் தூக்கிக் கட்டுங்கள், தாழ்ந்தால் அடியில் புழுங்கும். தகரம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

தென்னையைப் பற்றிச் சொன்னால் நம்மவர்கள் முறைப்பார்கள். இருந்தாலும் சொல்லியாக வேண்டும்: பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கு மேலே தென்னையோ பனையோ இருக்கக் கூடாது. தேங்காய்கூட வேண்டாம், காய்ந்த மட்டை ஒன்று போதும். மரத்தை வெட்டுவதைவிட விளையாடும் இடத்தைத் தள்ளிப் போடுவது நல்லது. அதற்கு இடமில்லாத ஐந்து சென்ட் அங்கன்வாடியில் மரமா பிள்ளையா என்று நீங்களே முடிவெடுங்கள்.

இப்போது சறுக்குமரத்துக்கு வருகிறேன். இரும்பில் செய்தது வெயிலில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிளாஸ்டிக்கும் கறுப்பு ரப்பர் விரிப்பும்கூட வெயிலில் நின்றால் தோலைச் சுடும். அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் இதற்கென்றே எச்சரிக்கை கொடுத்திருக்கிறது. இரண்டு வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்குத் தோல் மெல்லியது. சுட்டாலும் சட்டென்று எழுந்து விலகத் தெரியாது. உட்கார்ந்தபடியே அழும்.

அதே ஆணையத்தின் பொது விளையாட்டு இடங்களுக்கான கையேட்டில், இந்த வயதுக்காரர்களுக்குச் சறுக்குமர மேடை 32 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது என்று இருக்கிறது. நாம் வாங்குவது பெரும்பாலும் என்ன உயரம்? ஏணியில் ஏறினால் மேடை என் தோளுக்கு வரும். ஐந்து வயதுப் பிள்ளைக்குச் செய்ததை வாங்கி வைத்துவிட்டு, "சின்னதுகளை ஏற விடாதீங்க டீச்சர்" என்று போர்டு மாட்டிவிட்டுப் போவார்கள். பெயர் வேண்டாம், ஒரு அங்கன்வாடியில் அப்படி வந்த சறுக்குமரத்தைச் சாக்குப் போட்டுக் கட்டி வைத்திருந்தோம். கட்டிய சாக்கின் மேலேயே ஏறினார்கள்.

இதற்கு வழி மிகச் சுலபம். இரண்டு அடி உயரத்தில் ஒரு மண்மேடு போடுங்கள். ஒரு பக்கம் மெல்லிய சரிவு, மறுபக்கம் கொஞ்சம் செங்குத்து, ஓரத்தில் அகலமான இரண்டு மூன்று படி. சறுக்குப் பலகை வேண்டுமென்றால் அதை மேட்டின் சரிவிலேயே பதித்துவிடலாம். கீழே விழ உயரமே இருக்காது. மேட்டுக்குக் குறுக்கே ஒரு பெரிய சிமெண்ட் குழாயைப் புதைத்தால் ஊர்ந்து போகக் குகை. ஒரு முனையில் குனிந்தால் மறுமுனை தெரியும் நீளம் போதும். தவழும் பிள்ளை சரிவில் ஏறும், நடக்கும் பிள்ளை படியில் ஏறும், மூன்று வயதுக்காரன் மேலே நின்று ஊரைக் கூப்பிடுவான். கால் சரியாக வராத பிள்ளையைக்கூட மெல்லிய சரிவில் மேலே கொண்டுபோய் உட்கார வைக்கலாம். ஒரே மேடு, யாரும் யாருக்காகவும் காத்து நிற்க வேண்டாம்.

ஊஞ்சல் இந்தப் பகுதியில் வேண்டாம் என்பது என் கருத்து. ஆடுகிற ஊஞ்சலுக்குக் குறுக்கே நடந்து போகக் கூடாது என்பது இந்த வயதுக்குப் புரியாது. பெரிய பிள்ளைகளுக்கு வேண்டுமானால் வேலிக்கு அந்தப் பக்கம் தள்ளி வையுங்கள். ஏறி விளையாட எதை வைத்தாலும் அதைச் சுற்றி நாலு பக்கமும் 6 அடி காலியிடமும், அடியில் மணலும் வேண்டும். அந்தக் கையேட்டுக் கணக்குப்படி 9 அங்குல ஆழ மணல் 4 அடி உயரத்திலிருந்து விழுவதைத் தாங்கும். சரளைக் கல் வேண்டாம், எல்லாம் வாய்க்குப் போகும்.

மணல் குழி தனியாகவும் ஒன்று வேண்டும், நிழலில். இந்த வயதுக்காரர்கள் செய்யும் வேலை ஒன்றே ஒன்றுதான்: நிரப்புவார்கள், கொட்டுவார்கள், திரும்ப நிரப்புவார்கள். பார்க்கிறவருக்குச் சலிப்பாக இருக்கும். அவர்களுக்கு அதுதான் கணக்கு, அதுதான் அறிவியல். அதற்குச் சிரட்டை, பழைய அலுமினியக் கிண்ணம், சின்னச் சொளகு போதும். எங்கள் காலத்தில் நடைவண்டி தச்சரிடம் செய்து வாங்குவோம். இப்போதும் செய்து தருகிறார்கள். பிள்ளையை உள்ளே உட்கார வைத்து உருட்டும் சக்கர வாக்கரை கனடா 2004-இல் தடையே செய்துவிட்டது. நடைவண்டியில் பிள்ளை தன் காலில் நின்று தானே தள்ளும். அதற்காக மேட்டைச் சுற்றி மூன்றடி அகலத்தில் இறுகிய பாதை ஒன்று விடுங்கள் (அந்தப் பாதைக்கு மட்டும் சிமெண்ட் போட்டுக் கொள்ளுங்கள், உங்களுக்கும் எம்-புக்கில் எழுத ஏதாவது வேண்டுமே). கமுகம்பாளை கிடைத்தால் ஒன்றை உட்கார வைத்து இன்னொன்று இழுக்கும். பெயின்ட் அடித்த பழைய டயர்களைத் தயவுசெய்து கொண்டு வந்து இறக்காதீர்கள். மழைத் தண்ணீர் உள்ளே தேங்கும், டெங்குக் கொசு முட்டையிடும், பழசாகிவிட்டால் உள்ளிருக்கும் கம்பி வெளியே நீட்டும். பனந்தடியும் வேண்டாம், கையில் சிலாம்பு ஏறும். புளியங்கொட்டை, சோழி, மஞ்சாடி எல்லாம் மூன்று வயதுக்கு மேல். அதற்கு முன்னால் அவை மூக்குக்கும் தொண்டைக்கும்தான் போகும்.

மணல் குழியை இரவில் மூடி வைக்க வேண்டும், இல்லையென்றால் ஊர்ப் பூனைக்கெல்லாம் கக்கூஸ் அதுதான். பழைய கொசுவலையோ தார்ப்பாயோ போதும்.

தண்ணீர் விளையாட்டை விட்டுவிடாதீர்கள். கோகோ கோலா ஆலைக்கு எதிராகத் தண்ணீருக்காகப் போராடிய பிளாச்சிமடை இருக்கும் தாலுகா இது. தண்ணீரின் அருமையை யாரும் நமக்குச் சொல்லித் தர வேண்டாம். ஒரு பக்கெட் தண்ணீரை அகலமான தட்டில் நாலு விரல் ஆழத்துக்கு ஊற்றினால் பத்துப் பிள்ளைகள் அரை மணி நேரம் விளையாடும். பிறகு அது வேப்பங்கன்றுக்குப் போகும். ஆள் பக்கத்தில் இல்லாமல் ஒரு நிமிடம்கூட அந்தத் தட்டு வெளியே இருக்கக் கூடாது. குனிந்த பிள்ளை தலை கனத்துக் கவிழ்ந்தால் நிமிரத் தெரியாது. சில அங்குலத் தண்ணீரே ஆபத்துதான். அங்கன்வாடி வளாகத்தில் கிணறோ தொட்டியோ இருந்தால் மூடி போட்டுப் பூட்டுங்கள், அது முதல் நாள் வேலை.

செடிகளில் கவனம் வேண்டும். அழகுக்காக வைக்கும் அரளி வேண்டாம். 2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு நிவேத்தியத்திலிருந்தும் பிரசாதத்திலிருந்தும் அரளிப்பூவை விலக்கியது ஞாபகமிருக்கும். சாமிக்கே வேண்டாமென்றால் அங்கன்வாடிக்கு எதற்கு? மஞ்சள் அரளியும் விஷம்தான், காயைப் பார்த்தால் பழம்போல ஆசை காட்டும். ஆமணக்கு, ஊமத்தை, எருக்கு, வேலியில் படரும் குண்டுமணி எல்லாவற்றையும் வேரோடு எடுங்கள். பதிலுக்குச் செம்பருத்தி, துளசி, கற்பூரவள்ளி, இட்லிப் பூ. கிள்ளினாலும் தின்றாலும் பெரிய கேடில்லை.

வேலியைப் பற்றி ஓவர்சியர் ஒரு அளவை மட்டும் மறக்காமல் இருந்தால் போதும். 3.5 அங்குலத்துக்கும் 9 அங்குலத்துக்கும் இடைப்பட்ட எந்தச் சந்தும் ஆபத்து. உடல் நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும். கம்பிகளை நெட்டுக்குத்தாக, 3.5 அங்குலத்துக்குக் குறைவான இடைவெளியில் வையுங்கள். குறுக்குக் கம்பி வைத்தால் ஏணியாகிவிடும். தாழ்ப்பாள் உயரத்தில். இரும்புக்கு அடிக்கும் பெயின்டையும் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் உள்ள பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல் நடப்பில் இருக்கிறது. தொழிற்சாலை இரும்புக்கு அடிக்கும் எனாமலுக்கு அந்த விதி இல்லை. பிள்ளைகள் வேலியை நக்கும், கடிக்கும்.

ஆனால் வேலியை விடப் பெரிய பாதுகாப்பு ஹெல்பரின் கண். அவர் சமையலறை வாசலில் நின்றாலும் திண்ணையில் உட்கார்ந்து ஒரு குழந்தைக்கு ஊட்டினாலும் முற்றத்தின் எல்லா மூலையும் தெரிய வேண்டும். கட்டடத்துக்குப் பின்னால் மிச்சம் கிடக்கும் துண்டு நிலத்தில் "சில்ட்ரன்ஸ் பார்க்" என்று ஒதுக்காதீர்கள். கக்கூசும் கைகழுவும் குழாயும் முற்றத்துக்குப் பக்கத்திலேயே, குழாய் பிள்ளையின் இடுப்பு உயரத்தில். இல்லாவிட்டால் ஒரு பிள்ளையைக் கழுவ உள்ளே போகும்போதெல்லாம் மீதி ஒன்பதையும் உள்ளே இழுத்துக்கொண்டு போக வேண்டும். இரண்டு நாள் அப்படிச் செய்தால் மூன்றாம் நாள் யாரும் வெளியே விட மாட்டார்கள்.

மணலைக் கிளறி, தட்டைக் கழுவி, கன்றுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையையெல்லாம் டீச்சர், ஹெல்பர் என்ற அந்த இரண்டு பேர் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. 2025 மார்ச்சில் தங்கள் கூலிக்காகத் தலைமைச் செயலகத்தின் முன்னால் உட்கார்ந்தவர்கள் அவர்கள். மாதம் ஒருமுறை மணலைக் கிளறி, மண்ணை நிரவி, செடி பார்த்துவிட்டுப் போக ஒரு ஆளுக்குப் பஞ்சாயத்துக் கணக்கில் கூலி ஒதுக்குங்கள். சறுக்குமரம் வாங்குவது ஒரு தடவைச் செலவு, திறப்பு விழா உண்டு. இதற்கு விழா இல்லை, அதனால்தான் யாரும் ஒதுக்குவதில்லை.

அம்மாமார் சொல்லும் குறையும் எனக்குத் தெரியும். "காலையில் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு விட்டேன், சாயங்காலம் செங்கல் சூளையிலிருந்து வந்தது மாதிரி வருது" என்பார்கள். வேலை முடிந்து வந்து இரவில் துணி துவைக்கிறவள் அதைச் சொல்வதில் தப்பே இல்லை. கிரெச்சில் ஆளுக்கு ஒரு பழைய சட்டையும் ஜட்டியும் வைத்துக்கொண்டு, வெளியே விடும் முன் மாற்றி, உள்ளே வரும்போது கழுவி மறுபடி மாற்றிவிட்டால் சண்டை ஓய்ந்துவிடும். பழைய சட்டையைத் துவைப்பதும் கிரெச்சின் வேலையாக இருக்கட்டும். இதற்குத் திட்டத்தில் ஒரு துவைக்கும் கல்லும் கொடியும் சேருங்கள்.

மொழியைப் பற்றியும் ஒன்று. நம் பிள்ளைகள் தமிழ் பேசும், புத்தகம் மலையாளத்தில் இருக்கும், பக்கத்தில் உட்காரும் பிள்ளை ஒடியா பேசும். கூடத்துக்குள் இது டீச்சருக்குப் பெரும்பாடு. மணல் குழிக்குள் ஒரு நாளும் இதனால் தகராறு வந்ததில்லை. வந்த தகராறெல்லாம் சிரட்டைக்காகத்தான்.

2025-இல் ஆலப்புழை ஜில்லாவில் ஒரு அங்கன்வாடிப் பிள்ளை, உப்புமா வேண்டாம், பிரியாணி வேண்டும் என்று கேட்ட வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. அரசு கேட்டு, மாநிலம் முழுக்கச் சாப்பாட்டுப் பட்டியலை மாற்றி முட்டை பிரியாணி சேர்த்தது. எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம். இந்தப் பிள்ளைகளுக்கு அப்படிக் கேட்கப் பேச்சு வரவில்லை. அதனால்தான் நான் எழுதுகிறேன்.

திட்டத்தை முடிவு செய்யும் வர்க்கிங் குரூப் கூட்டத்துக்கு ஒரு ஹெல்பரையும் மூன்று வயதுக்குள் பிள்ளை உள்ள இரண்டு அம்மாமாரையும் கூப்பிடுங்கள். இடம் பார்க்க வரும் ஓவர்சியரைக் காலை எட்டு மணிக்கு அனுப்பாமல் பதினொரு மணிக்கு, பங்குனியிலோ சித்திரையிலோ அனுப்புங்கள். கூட்டத்தைச் சாயங்காலம் ஐந்தரைக்குப் பிறகு வையுங்கள். ஷிப்ட் முடிந்து பஸ் வந்து சேர அவ்வளவு நேரம் ஆகும். பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டுதான் வருவார்கள், உட்காரப் பாய் விரித்து வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அங்கன்வாடி டீச்சர் ஒருத்தி,
கொழிஞ்சாம்பாறைப் பக்கம்